பாம்பு என்று சொன்னாலும் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வைத்தியசாலைகளில் மருத்துவ விடுதியிலும் சத்திரசிகிச்சை விடுதியிலும் கடமை பார்க்கும் தாதியருக்கு,



தெல்லிப்பழை உளநல விடுதியில் வேலை செய்பவர்களுக்கு இந்த மடலில் புதிதாக எதுவும் இல்லை. பெரியாஸ்பத்திரி, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று சீனி வருத்தம், பிரசர், நெஞ்சுநோ, காய்ச்சல், கால்புண்ணோடு வருகிறவர்களைப் பராமரிக்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மனநோயோடு வாழ்பவர்களின் ஆயுளைக் குறைப்பவை பெரும்பாலும் நீங்கள் பார்க்கிற இந்த வருத்தங்கள்தான். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையும் அதில் ஒரு காரணம். ஆனால் இதயம், சீனி, நுரையீரல், தொற்று என்று தடுக்கக்கூடிய உடல் வருத்தங்களால் போகிறவர்கள்தான் அதிகம்.

அதே நிறுவனத்தின் 2022 கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டத்தில் 5 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல். அந்த வீதத்தை அப்படியே பொருத்தினால் 1,900 பேர் வரை வரும். அவர்களுக்கும் வயது போகும், சீனி ஏறும், காலில் கல்லுக் குத்தும். இன்றில்லாவிட்டால் நாளைக்கு உங்கள் வாட்டுக்கு வருவார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். இவர் தனி ஆளில்லை. உளநல விடுதியிலும் உங்கள் மாதிரி விடுதிகளிலும் வேலை செய்த காலத்தில் கண்ட பலரைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள். வயது 58. வலிகாமத்துக்காரர். இளவயதில் சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுத்தினவர், இன்றும் சுருட்டுப் புகைப்பவர். இருபத்தைந்தில் குரல்கள் கேட்கத் தொடங்கின. கோயில், கழிப்பு, நூல்கட்டு எல்லாம் முடிந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மற்றக் குளிசைகள் சரிவராமல் கடைசியில் குளோசபினில் ஒருவாறு அமைதியானார். கலியாணம் இல்லை. சகோதரங்கள் கனடாவில். பார்ப்பது அக்கா ஒருவர்தான், அவருக்கும் எழுபதாகிறது. பத்து வருடமாகச் சீனி. இப்போது வலது காலில் ஆறாத புண்ணோடு உங்கள் வாட்டில் படுத்திருக்கிறார்.

நாலாம் நாள் இரவு அவர் சொல்கிறார்: "மிஸி, வயித்துக்குள்ளை பாம்பு கிடக்கு. சுருண்டு கிடக்கு. நேற்றுத் தலையைத் தூக்கினது."

இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ரிக்கற்றில் மாயநம்பிக்கை என்று ஒரு வரி விழும். சத்தம் போட்டால் ஹலோபெரிடோலும் புரோமெதசினும் ஊசியாக ஏறும். பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பார். இரவு அமைதியாகக் கழியும்.

இவர் நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை. குளோசபின் குடலின் அசைவை மெதுவாக்கும் மருந்து. வாய்நீர் வடிகிறது, கை நடுங்குகிறது என்று சேர்த்துக் கொடுக்கிற பென்செக்சோல் போன்ற குளிசைகள் அதை இன்னும் மெதுவாக்கும். அமைதிப்படுத்தப் போட்ட புரோமெதசினும் அதே வேலையைத்தான் செய்யும். படுக்கையில் கிடப்பதும் தண்ணீர் குறையக் குடிப்பதும் மிச்சத்தைச் செய்து முடிக்கும். மலச்சிக்கல் என்று தொடங்குவது குடல் முழுதாக நின்றுபோவதில், குடல் ஓட்டையாவதில், தொற்று இரத்தத்தில் பரவுவதில் போய் முடியலாம். குளோசபின் என்றதும் எல்லாருக்கும் வெள்ளை அணு குறைவதுதான் ஞாபகம் வரும். அதற்காக முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுக்கிறோம். குடலுக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. 2020 ஜனவரியில்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இந்தக் குடல் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

ஆகவே பாம்பு இருக்கிறதா இல்லையா என்று அவரோடு வாதாட வேண்டாம். ஓம் போடவும் வேண்டாம். "எந்தப் பக்கம் கிடக்கு ஐயா, தொட்டுக் காட்டுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். அவர் கை போகிற இடத்தில் உங்கள் கையை வையுங்கள். வயிறு ஊதியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, சத்தி வந்ததா, காற்றுப் பிரிந்ததா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று பாருங்கள். பார்த்ததை உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள். இதில் முப்பது வருட அனுபவத்தாலோ பெரிய படிப்பாலோ வருகிற விஷயம் எதுவும் இல்லை. மனநோய் இல்லாத ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் நீங்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலர் நோவைக் குறைவாகத்தான் வெளிக்காட்டுவார்கள். குடல்வால் வெடித்தும் முனகாமல் இருப்பவர் உண்டு. மாரடைப்பு வந்தும் நெஞ்சுநோ என்று சொல்லாதவர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் தானாகவே வயிற்றைப் பற்றிக் கதைக்கிறார் என்றால், எந்த உருவத்தில் கதைத்தாலும் அதற்கு இரட்டைப் பெறுமதி கொடுக்க வேண்டும்.

இனிச் சுருட்டுக்கு வருகிறேன். ஒருவரின் கதையைக் கேட்பது நல்ல குணமுள்ள தாதியின் மேலதிக வேலை, நேரமிருந்தால் செய்யலாம் என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இந்த மனிதர் சுருட்டுக்காரர் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருடைய மருந்தையே நீங்கள் பிழையாகப் பார்ப்பீர்கள். புகையிலைப் புகையில் உள்ள சில பொருட்கள், ஈரலில் குளோசபினைச் சிதைக்கிற நொதியத்தைத் தூண்டிவிடும். அதனால் புகைப்பவருக்கு மருந்து கூடுதலாக வேண்டியிருக்கும், கிளினிக்கில் அதற்கேற்றபடிதான் அளவு கட்டியிருப்பார்கள். வாட்டில் புகைக்க முடியாது. சுருட்டு நின்றதும் நொதியம் அடங்கும். அதே குளிசை, அதே அளவு, ஆனால் ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலாகவோ ஏறலாம். மனிதர் தூங்கி வழிவார், எழும்பினால் தலைசுற்றி விழுவார், வாய்நீர் வடியும், வலிப்பும் வரலாம். குடலும் இன்னும் மந்தமாகும். பாம்பு மூன்றாம் நாள் தலையைத் தூக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இதைச் செய்வது புகைதான், நிக்கொட்டின் இல்லை. வெற்றிலையோடு போயிலை போடுகிறவருக்கு இது பொருந்தாது. சுருட்டை விட்டு நிக்கொட்டின் ஒட்டுப் போட்டாலும் மருந்து ஏறத்தான் செய்யும். ஆகவே "புகைப்பீங்களோ" என்று கேட்டு ஓம் அல்லது இல்லை என்று ரிக்கற்றில் அடையாளம் போடுவது போதாது. என்ன புகைக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சுருட்டுக்காரரைக் கண்டால் எந்தக் கொட்டில், எந்த ஊர்ப் போயிலை என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியாது. அந்தக் கதையை வாட்டிலும் கதைக்கலாம் என்கிறேன். அந்தக் காலத்தில் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுத்துவார்கள். இவர் வாசித்தவரா கேட்டவரா என்று கேட்டுப் பாருங்கள். வாசித்தவர் என்றால் காலையில் ஒரு பேப்பரைக் கையில் கொடுங்கள். குரல் கேட்கிற சிலருக்குத் தாமே உரத்து வாசிக்கும்போது அந்தக் குரல்கள் தணியும். ஊசியில்லாமல் கழிகிற அரைமணி நேரம் உங்களுக்கும் லாபம்தான்.

மருந்துக் கதையில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அது உயிர் போகிற விஷயம். சத்திரசிகிச்சைக்கென்று வெறும் வயிற்றில் வைப்பீர்கள், அல்லது வாட்டில் குளோசபின் இருக்காது, அல்லது அக்கா வீட்டிலிருந்து கொண்டுவர மறந்துவிடுவார். இப்படி 48 மணித்தியாலத்துக்கு மேல் குளிசை விடுபட்டால், பழைய அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சடாரென விழும், வலிப்பு வரலாம், இதயம் நிற்கவும் கூடும். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்ற கேள்வியை வாட்டுக்கு வந்த முதல் நாளே கேட்டு எழுதிவிடுங்கள். உளநல விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

கொப்பிகள் இரண்டு என்பதையும் மறக்க வேண்டாம். சீனிக் கிளினிக் கொப்பி ஒன்று, உளநலக் கிளினிக் கொப்பி ஒன்று. அக்கா ஆஸ்பத்திரிக்கு வரும்போது, இது சீனிக்காரரின் வாட்டுத்தானே என்று முதலாவதை மட்டும் கொண்டுவருவார். மற்றதைக் காட்ட வெட்கமும் இருக்கும். தெல்லிப்பழை என்ற பெயரை எடுத்தாலே முகம் சுளிக்கிற ஊரில் அந்த வெட்கத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் கேட்டால் கொண்டுவருவார். உளநல மருந்துகளில் சில நிறையையும் சீனியையும் ஏற்றும், சீனிக் கிளினிக்கில் அது தெரிவதில்லை. சீனி ஏறியிருப்பது மற்றக் கொப்பியில் இல்லை. இரண்டையும் ஒன்றாக விரித்து வைத்துப் பார்க்கிற முதல் ஆள் பல நேரம் வாட்டுத் தாதிதான்.

அழைக்கிற விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பக்கத்துக் கட்டில் தபாலதிபருக்கு "நீங்கள்". இவருக்கு மட்டும் "நீ, எழும்பு, இரு". மரியாதை குறைந்ததை அவர் கவனிக்க மாட்டார் என்று நினைக்கிறோம். கவனிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை குரல் அவரைத் திட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள், அதில் உங்கள் குரலும் ஒன்றாகச் சேர வேண்டியதில்லை.

சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் வரும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறின 25 நாளும் மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளை, அந்த நாட்களில் வாட்டில் வந்த மீன்கறிச் சோற்றைத் தள்ளி வைக்கிறார். சாப்பாட்டில் நஞ்சு என்ற சந்தேகம் என்று எழுதிவிடுவோம். நோயின் பெயர் தெரிந்த பிறகு மனிதர் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே விளக்கமாகிவிடுகிறது. அதே மனிதர் மறுநாள் பருப்புக்கறியையும் தள்ளி வைத்தால் அப்போது நஞ்சுப் பயமா, சத்தியா, வயிற்று அடைப்பா என்று பார்க்கலாம்.

வரலாற்றையும் நோயாக எழுதிவிடக்கூடாது. "ஆஸ்பத்திரிக்குள்ளை ஆமி வந்து சுடும், என்னை ஒளிச்சு வையுங்கோ" என்று ஒருவர் கட்டிலுக்குக் கீழே புகுந்தால், உங்களில் இளையவர்களுக்கு அது முழுப் பிதற்றலாகத் தோன்றலாம். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி இந்தியப் படையினர் இதே யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளர், மருத்துவர், தாதியர், சிற்றூழியர் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு வருடமும் அங்கே நினைவுகூருகிறார்கள். அவர் சொல்வது இன்றைய நாளுக்குப் பொய்யாயிருக்கலாம், இந்தக் கட்டடத்துக்கு அது பொய்யில்லை. "அப்ப நடந்தது எனக்கும் தெரியும் ஐயா. இண்டைக்கு வாசலிலை ஆமி இல்லை, நான் பாத்திட்டுத்தான் வாறன்" என்று சொல்கிற தாதியிடம் அவர் வெளியே வருவார்.

இப்படி அவர் சொல்வதையெல்லாம் எங்கே எழுதுவது? ரிக்கற்றில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். பாம்பு அங்கே 'வயிற்றுநோ, மாயநம்பிக்கை' என்று சுருங்கி, அடுத்த கடமைக்கு வருகிறவருக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மண் இது. தாதியக் குறிப்பில் நோயாளி சொன்ன ஒரு வசனத்தை மேற்கோள் போட்டுத் தமிழில் எழுதினால் ஒருவரும் கோபிக்கப் போவதில்லை. கோபித்தால் காரணத்தைச் சொல்லுங்கள். "நேற்றுத் தலையைத் தூக்கினது" என்பதை வாசிக்கிற டொக்டர் நேற்று என்ன மாறியது என்று கேட்பார்.

காலுக்கு வருகிறேன். புண் பழுத்து, விரலை எடுக்க வேண்டும், பிந்தினால் கால் போகும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். இவர் மாட்டேன் என்கிறார். உடனே அக்காவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கலாம் என்ற யோசனை வரும். இந்த இடத்தில் நின்று யோசிக்கச் சொல்கிறேன்.

1993இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. புரோட்மூர் என்ற காவல் மனநல வைத்தியசாலையில் இருந்த 68 வயதுக்காரர். மனச்சிதைவு நோய், தான் பெரிய புகழ்பெற்ற டொக்டர் என்று நம்பியவர். கால் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க 15 வீத வாய்ப்புத்தான் என்றார்கள். இரண்டு காலோடு சாகிறேன், வெட்ட விடமாட்டேன் என்றார் அவர். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மனநோய் இருந்தாலும், வைத்தியர் சொல்வதை அவரால் விளங்கிக்கொள்ள முடிகிறது, அதை நம்ப முடிகிறது, நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்க முடிகிறது, ஆகவே அவர் சம்மதமில்லாமல் காலை எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. கால் எடுக்காமலே வைத்தியம் செய்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

அவர் பிழைத்ததால் மறுக்கிறவர்கள் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் இந்த நாட்டைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. அந்த நீதிபதி பார்த்த மூன்று விஷயங்களைக் கட்டிலருகே நின்று ஒரு தாதியும் பார்க்கலாம். விரலை ஏன் எடுக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்கிறதா? யாராவது அவருக்கு நேரே சொன்னார்களா, அல்லது எல்லாம் அக்காவுக்கு மட்டும் சொல்லப்பட்டதா? "வெட்டின விரலை என்ன செய்வியள்" என்று அவர் கேட்கலாம், அதற்குப் பதில் சொன்னீர்களா? குரல்கள் வேண்டாம் என்று தடுப்பதால் மறுக்கிறாரா, அல்லது கால் போன பிறகு கிணற்றடிக்கு எப்படிப் போவேன், அக்கா என்னைத் தூக்குவாவா என்ற பயத்தால் மறுக்கிறாரா? முதலாவது என்றால் உளநல வைத்தியரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது என்றால் அது எந்தச் சீனிக்காரருக்கும் வருகிற பயம், அதற்கு வேண்டிய பதில் ஊன்றுகோலும் செயற்கை உறுப்பும் பற்றிய தகவல். இரண்டும் கலந்திருக்கும் நாட்களும் உண்டு. ஒரே நாளில் முடிவு கேட்காமல், காய்ச்சல் தணிந்த காலையில், அவருக்குப் பிடித்த மிஸி திரும்பக் கேட்டால் பதில் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மாறாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைநோவோ என்றால் அன்றே இரத்தம். மாரி காலத்தில் டெங்கிலும் வெள்ளை அணு குறையும், மருந்தாலும் குறையும், ஒன்றை மற்றதென்று எண்ணி விட்டுவிடக்கூடாது. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களைக் கொண்டுபோனதும் ஞாபகமிருக்கும். காய்ச்சலோடு உடம்பு விறைத்து, வியர்த்து, தடுமாறினால் அது மனநோய் மருந்தாலேயே வருகிற வேறு ஆபத்து, குளிசையை நிறுத்தி வைத்து உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். அமைதியாக இருந்தவர் திடீரென மூர்க்கமானால், பட்டி எடுத்துக் கட்டிலோடு கட்டுவதற்கு முன் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். சலம் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் நிலைமை தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ தாதியர் வெளிநாடு போய்விட்டார்கள், இருப்பவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்கிறீர்கள். இரவுக் கடமையில் ஒருவரோடு பத்து நிமிடம் இருந்து கதைக்கச் சொல்வது லேசு. ஆனால் வயிற்றில் கை வைக்க ஒரு நிமிடம் போதும். கொப்பி கேட்க அரை நிமிடம்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மடலுக்கு இது தேவையோ தெரியாது. போர் நம் மனதுக்குச் செய்ததைப் பற்றி இந்தக் குடாநாட்டில் நிறையப் பேசியாகிவிட்டது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே அதைப் பற்றி நூல் வெளியிட்டார். வேண்டிய வேலைதான், செய்தவர்களை வணங்குகிறேன். ஆனால் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் மாதாமாதம் பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வந்துகொண்டே இருந்த இந்த மனிதருடைய இடுப்பைச் சுற்றி அளவுநாடா பிடிக்க வேண்டும் என்று எந்த மேடையிலும் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

துண்டு வெட்டுகிற நாளில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வீட்டுக்குப் போன அன்றே அவர் சுருட்டைப் பற்ற வைப்பார். வாட்டில் மருந்தைக் குறைத்திருந்தால், இப்போது அந்தக் குறைந்த அளவு போதாமல் போகும், சில வாரத்தில் குரல்கள் திரும்பும். அக்கா ஆஸ்பத்திரியைக் குறை சொல்லுவா, ஆஸ்பத்திரி அவர் குளிசை போடவில்லை என்று சொல்லும். அதனால் வாட்டில் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எத்தனை நாள் புகைக்கவில்லை என்பதை உளநலக் கிளினிக் கொப்பியிலும் எழுதுங்கள், சீனிக் கொப்பியில் மட்டும் எழுதி விடாதீர்கள். அடுத்த கிளினிக் திகதி தூரத்தில் என்றால் அதை முன்னுக்கு எடுத்துத் தரச் சொல்லி உளநல விடுதிக்குக் கதையுங்கள். மலம் இளக்குகிற மருந்தைச் சுகமாகிவிட்டது என்று நிறுத்த வேண்டாம், இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் காத்திராமல் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தம்பி பக்கத்தில் இருக்கும்போது, அவருக்கும் கேட்கிறமாதிரி வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தாதி
யாழ்ப்பாணம்